தலை ஆடாமல் இறங்குபவர்: பனிச்சறுக்கைப் பார்க்கப் பழகுவோருக்கு

புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. நாலு போர்டு, ஒவ்வொன்றின் மேலும் தொங்கும் விளக்கு, சுவரோரம் ஒரு பெஞ்சு. போன மாதம் ஒரு ராத்திரி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து போனில் பனிச்சறுக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒருவர், விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் இறங்கும் சாதாரணச் சரிவில், அவர்களுக்கு நடுவிலேயே இறங்குகிறார். அவ்வளவுதான் வீடியோ. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "இன்னாண்ணா இது? சும்மா சறுக்கினு போறாரு. எங்கியும் குதிக்கவே மாட்டாரா?"

நியாயமான கேள்வி. பனிச்சறுக்கு என்றால் நம் கண்ணில் படுவது பாறை உச்சியிலிருந்து பாய்கிறவர்கள்தான். இல்லையென்றால் ஒலிம்பிக்கில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போகும் டவுன்ஹில் வீரர்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ஆனால் பல வருடம் பார்த்த பிறகு எனக்கு அலுக்காமல் இருப்பது இந்த வகை வீடியோதான். ஏன் என்று அவனுக்குச் சொல்ல, எதிரே இருந்த கேரம் போர்டே போதுமாக இருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறியதும் பிளைவுட் அதை வாங்கிக்கொள்ளும். காய் பாதி வழியில் நின்றுவிடும். பவுடரைக் கூடப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் கட்டிதட்டும். அதே போர்டு சித்திரையில் கண்ணாடி மாதிரி ஓடும். புதிதாக ஆடுகிறவன் போர்டைக் குறை சொல்வான். நல்ல ஆட்டக்காரர் இரண்டு அடி அடித்துப் பார்ப்பார், மூன்றாவது அடிக்குள் விரல் மாறியிருக்கும். 2008-இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்த ஊரில் ஒருவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று பார்க்க ட்ரிக் ஷாட் தேவையில்லை. சாதாரணக் காயை, சாதாரணப் போர்டில், வரிசையாக அலட்டாமல் போடுகிறாரா என்று பார்த்தால் போதும்.

பனி என்பது மணிக்கு மணி மாறும் போர்டு. அதில் ஒருவர் விரலை எப்படி மாற்றுகிறார் என்பதைத்தான் நான் அந்த வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஸ்கீ ரிசார்ட் என்றால் நம் ஈ.சி.ஆர். பக்கத்து ரிசார்ட் போன்றதல்ல. ஒரு மலை முழுவதும் சேர்ந்தது. மேலே ஏற்றிவிட லிஃப்ட்டுகள், கீழே இறங்கக் குறியிட்ட சரிவுகள். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு செங்குத்து. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். சரிவுகள் மூடிய பிறகு பெரிய பட்டைச் சக்கர வண்டிகள் வந்து பனியை உடைத்து, கலைத்து, அழுத்தி, சீப்பால் வாரியது போல் வரிவரியாக விட்டுப் போகும். விடிந்ததும் முதலில் இறங்குபவருக்குக் கிடைப்பது அந்த வரிப் பனி. கார்டுராய் துணி போல இருப்பதால் அதற்குக் கார்டுராய் என்றே பெயர்.

சரி, காலில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பலகை, அதாவது ஸ்கீ, எப்படித் திரும்புகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஸ்கீயைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். உடுக்கை போல இரண்டு முனையும் அகன்று, நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அடியில் இரு ஓரமும் எஃகு விளிம்பு. பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே நின்று அழுத்தினால், முன்முனையும் பின்முனையும் பனியைத் தொட, இடுப்புப் பகுதி கீழே இறங்க, பலகை வில்லாக வளையும். வளைந்த விளிம்பு வளைந்த பாதையில்தான் போகும். சறுக்குபவர் திருப்ப வேண்டியதில்லை, சாய்த்தால் போதும், பலகையே திரும்பும். இதைத்தான் கார்விங் என்கிறார்கள். 1990-களின் தொடக்கம் வரை ஸ்கீகள் ஏறக்குறைய நேராக, ஆளைவிட நீளமாக இருந்தன. 1993 வாக்கில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடுப்பு நன்றாக ஒடுங்கிய ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில வருடங்களில் எல்லா நிறுவனமும் அந்த வழிக்கு வந்தது.

இன்னொரு விதமும் உண்டு. பலகையைக் குறுக்காகத் தள்ளி, பனியைச் சுரண்டிக்கொண்டே திரும்புவது. பழகுகிறவர்கள் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள். இதை மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டிக்காரரும் தேவைப்பட்டால் சுரண்டுவார், ஆனால் எவ்வளவு சுரண்டுவது, எந்த இடத்தில் என்பதை அவர் தீர்மானிக்கிறார். பழகுகிறவருக்கு அதைச் சரிவு தீர்மானிக்கிறது.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால், ஆள் போன பிறகு பனியில் இருக்கும் தடத்தைப் பாருங்கள். சுரண்டியவர் பின்னால் துடைப்பத்தால் பெருக்கியது போல அகலமான பட்டை இருக்கும். கார்விங் செய்தவர் பின்னால், கொருக்குப்பேட்டை யார்டில் தண்டவாளம் வளைந்து போவது போல இரண்டு மெல்லிய கோடுகள். ஆளைப் பார்த்தால் உடையும் வேகமும் நம்மை ஏமாற்றும். தடம் ஏமாற்றாது.

அடுத்து, எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று பாருங்கள். வள்ளலார் நகர் பக்கம் பஸ் இடப்பக்கம் திரும்பும்போது நின்றுகொண்டிருந்தால், உடம்பு வலப்பக்கம் சாயும், வலது கால் நம்மைத் தாங்கும். சறுக்குபவருக்கும் அப்படியே. இடப்பக்கம் திரும்பும்போது வலது பலகைதான் முக்கால்வாசிப் பாரத்தையும் சுமக்க வேண்டும். பயம் வந்தால் உடம்பு மலைப்பக்கம், அதாவது உள்பக்கம், ஒதுங்கப் பார்க்கும். அந்த நொடியில் வெளிப்பலகை பிடி விட்டு வழுக்கிவிடும். செங்குத்தான இடத்தில் விழுகிறவர்களைக் கவனித்தால் பெரும்பாலும் மலைப்பக்கம் சாய்ந்துதான் விழுந்திருப்பார்கள். கெட்டிக்காரர் கால்களை உள்ளே சாய்த்தாலும் இடுப்புக்கு மேலே உடம்பை வெளிப்பலகைக்கு மேல் நிறுத்தியிருப்பார். அதனால் இடுப்பில் ஒரு மடிப்பு தெரியும். அந்த மடிப்பைக் கண்ணால் பிடிக்க எனக்கே நெடுநாள் ஆனது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தலை. காசிமேட்டில் தலையில் மீன் கூடையோடு நடக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தரை ஈரம், ஐஸ் தண்ணீர், கயிறு, மீன் செதில். கால் எங்கெங்கோ வைக்கிறது, முட்டியும் இடுப்பும் ஒவ்வொரு அடிக்கும் வேலை செய்கின்றன, கூடை மட்டும் தண்ணீரில் மிதப்பது போலப் போகும். நல்ல சறுக்குபவரின் தலையும் அப்படித்தான். கீழே கால்கள் ஊசல் போல இரண்டு பக்கமும் வீசிக்கொண்டிருக்க, நெஞ்சும் தலையும் பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கும். சரிவில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடுமோ, அந்தத் திசையைத்தான் இங்கே பள்ளம் என்று சொல்கிறேன். சின்னச் சின்னத் திருப்பங்களில் இது மிக நன்றாகத் தெரியும். ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் உலகக் கோப்பையில் 86 பந்தயங்கள் வென்றவர். அத்தனையும் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் என்ற, நட்ட கம்பங்களைச் சுற்றித் திரும்பித் திரும்பி இறங்கும் பந்தயங்கள். அவருடைய பழைய படங்களில் கால்களை மறைத்துவிட்டு மேல்பாதியை மட்டும் பார்த்தால், ஆள் நடந்து வருகிறாரோ என்று தோன்றும்.

பனி தெறிக்கும் இடமும் ஒரு துப்பு. ஒவ்வொரு திருப்பத்தையும் ஒரு பிறைநிலா என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறையின் மேல்பாதியில் பலகை பள்ளத்தை நோக்கித் திரும்புகிறது, கீழ்பாதியில் பள்ளத்திலிருந்து விலகுகிறது. பள்ளத்தை நேராகப் பார்க்கும் அந்த நொடி பழகாதவருக்குப் பயம். அதனால் மேல்பாதியை அவசரமாகத் தாண்டி, கீழே வந்ததும் மொத்தமாக பிரேக் போடுவார். பனி வாணம் போலப் பறக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். கெட்டிக்காரர் மேல்பாதியிலேயே விளிம்பை பனியில் ஊன்றிவிடுவார், பாரம் வளைவு முழுக்கச் சீராகப் பரவும், பனி அவ்வளவாகத் தெறிக்காது. வேகம் அதிகமானால் வளைவைக் கொஞ்சம் கூடுதலாக முடிப்பார், பலகை லேசாக மேட்டை நோக்கித் திரும்பும், வேகம் தானாகக் குறையும். பிரேக் என்று தனியாக ஒன்று அவரிடம் இருக்காது. வீடியோவில் ஒலியைக் குறைக்காமல் பாருங்கள். சுரண்டினால் தகரத்தைத் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு கேட்கும், ஊன்றிய விளிம்பில் துணி கிழிவது போன்ற சின்ன ஒலிதான் வரும்.

இனி பனி. கடலோரத்தில் வளர்ந்த நமக்குப் பனி தெரியாது என்று சொல்ல மாட்டேன். காசிமேட்டில் படகில் ஐஸ் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை தெரியும். ஐஸ் பாரை மெஷினில் போட்டு உடைத்ததும் பொலபொலவென்று விழும். சில மணி நேரம் ஒரே இடத்தில் கிடந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மண்வெட்டியால் குத்திப் பெயர்க்க வேண்டும். பனித் துகளும் அதையேதான் செய்கிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் படிகங்கள் மெல்ல மெல்லப் பிணைந்துகொள்ளும். இரவு வண்டிகள் பனியை உடைத்து அழுத்திவிட்டு மணிக்கணக்கில் சும்மா விடுவது இந்தப் பிணைப்புக்காகத்தான். காலையில் சரிவு கெட்டியாக, அதே சமயம் விளிம்பு இறங்கும் அளவுக்கு இளக்கமாக இருக்கும். இதில் சுமாரானவர்கூட அழகாகத் தெரிவார். அதனால் ஒருவரை எடைபோட இந்தக் காலைப் பனி போதாது.

பகலில் வெயிலில் இளகிய பனி ராத்திரியில் உறைந்தால் கதை மாறும். மேலே கண்ணாடி போல ஒரு படலம் படியும். இயந்திரத்தால் தெளித்து உண்டாக்கும் செயற்கைப் பனி இயல்பிலேயே கெட்டி, அது இன்னும் சீக்கிரம் இப்படி ஆகும். கறாரான பந்தயச் சரிவுகளில் வேண்டுமென்றே பனிக்குள் தண்ணீர் செலுத்தி இறுக்குவார்கள். முதலில் இறங்கும் வீரருக்கும் முப்பதாவது ஆளுக்கும் பாதை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமே. இந்தக் கெட்டிப் பனியில் கெட்டிக்காரர் என்ன செய்கிறார்? குறைவாகச் செய்கிறார். திடீரென்று விளிம்பைக் குத்தினால் அது பிடிக்காமல் துள்ளும். அவர் முதலில் பலகையைச் சாய்ப்பார், பிறகுதான் பாரத்தை மெல்ல இறக்குவார். கொஞ்சம் வழுக்கினால் வழுக்கட்டும் என்று விட்டு, வழுக்கலின் மேலேயே நிதானமாக நிற்பார். பழகாதவர் அந்த வழுக்கலைக் கண்டதும் உடம்பை விறைத்துக்கொள்வார், தோள் மலைப்பக்கம் திரும்பும், அத்தோடு வெளிக்காலில் பாரம் போய்விடும்.

பிற்பகலில் வெயிலடித்தால் நேர்மாறு. பனி சேறாகும். பலகைக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் வழுக்கும், தண்ணீர் அதிகமானால் அதுவே பலகையை உறிஞ்சிப் பிடிக்கும். ஈரக் கண்ணாடி இரண்டை ஒட்டினால் பிரிக்க முடியாமல் போவது போல. நிழலிலிருந்து வெயில் பட்ட இடத்துக்கு வந்ததும் பலகை சட்டென்று இழுக்கும், ஆள் முன்னால் கவிழ்வார். தெரிந்தவர் நிழல் முடியும் இடத்தைத் தூரத்திலேயே பார்த்து, ஒரு பாதத்தைச் சற்று முன்னே விட்டு, இரண்டு பலகையிலும் பாரத்தைக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டு நுழைவார்.

புதுப்பனியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முழங்கால் ஆழத்துக்கு இலவம்பஞ்சு போலக் கிடக்கும் பவுடரில் இறங்குவதைத்தான் விளம்பரங்கள் எல்லாம் காட்டுகின்றன, பார்க்கவும் சுகம். ஆனால் அதே பவுடரில் காலையில் நூறு பேர் இறங்கி, மதியம் மேடும் குழியுமாக, ஒரு பக்கம் மெத்தை, ஒரு பக்கம் கட்டி என்று குதறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். ரிசார்ட்டுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலான நாள் கிடைப்பது இந்தக் குதறிய பனிதான். முன்னால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்லவரின் கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நீண்டும் மடங்கியும் வேலை செய்யும், தலை அப்போதும் கூடை போலவே போகும்.

மோகல் என்ற பனி மேடுகளைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அவற்றை யாரும் கட்டுவதில்லை, போட்டிக்காகச் செய்வதைத் தவிர. எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் திரும்ப, திரும்பும் இடத்தில் பனி சுரண்டப்பட்டுக் கீழே குவிய, அந்தக் குவியலைச் சுற்றி அடுத்தவர் திரும்ப, மேடு வளர்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த மேடுகள் நாள் போகப் போக மலையில் மேல்நோக்கி நகர்கின்றன. ஒவ்வொருவரும் மேட்டின் கீழ்ப்புறத்தைச் சுரண்டி, அந்தப் பனியை அடுத்த மேட்டின் மேற்புறத்தில் சேர்க்கிறார்கள். ஆட்கள் கீழே இறங்க இறங்க மேடு மேலே ஏறுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. மோகல் 1992 முதல் ஒலிம்பிக் பதக்கப் போட்டி. அதில் இரண்டு இடத்தில் குதித்துச் சாகசம் காட்டுவார்கள், எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் மதிப்பெண்ணில் 60 சதவீதம் திருப்பங்களுக்கு. சாகசத்துக்கு 20, வேகத்துக்கு 20. நடுவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று இதிலேயே தெரிகிறது. மேடு வரும்போது முட்டி நெஞ்சை நோக்கி மடங்கும், பள்ளம் வரும்போது கால் நீளும். மேட்டின் உயரம் முழுவதையும் முட்டி வாங்கிக்கொள்ளும்.

இப்படி நேரத்தை அளக்காமல் திறமையை மட்டும் பார்க்கும் வழக்கம் சறுக்குகிறவர்கள் உலகில் புதிதல்ல. பல நாட்டுப் பயிற்சியாளர்கள் கூடும் இன்டர்ஸ்கி என்ற மாநாடு 1951-இல் ஆஸ்திரியாவில் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் சாதாரணத் திருப்பங்களைச் செய்து காட்டுவதே அங்கே முக்கிய நிகழ்ச்சி. ஜப்பானில் தேசிய அளவில் ஒரு போட்டி இருக்கிறது. பெரிய திருப்பம், சிறிய திருப்பம், மேடுபள்ளம் என்று வகைவகையான சரிவில் இறங்குபவர்களுக்கு நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். பனிச்சறுக்கைப் பார்க்கக் கற்க அதைவிட நல்ல வீடியோக்களை நான் பார்த்ததில்லை. அமெரிக்க வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின் 2025 பிப்ரவரியில் தன் 100-ஆவது உலகக் கோப்பை வெற்றியைப் பெற்றார். அவருடைய பந்தயங்களைப் பார்த்துவிட்டு, பந்தயத்துக்கு முன் கம்பமில்லாத சரிவில் சாதாரணமாக இறங்கும் காட்சி கிடைத்தால் அதையும் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் பாடம்.

நம் நாட்டிலும் இது இருக்கிறது. காஷ்மீரில் குல்மார்க் பக்கத்தில் வளர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து தனியொரு ஆளாகப் போய், ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆவதாக வந்தார். நான் நேரில் பார்த்தது உத்தரகாண்டின் அவுலியில். பிப்ரவரி மாதம், மதியம் மூன்று மணி, பனி சேறாகிவிட்டது. சுற்றுலா வந்தவர்கள் நாலடிக்கு ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவர், கற்க வந்தவர்கள் கழற்றிப் போட்ட இரண்டு ஜோடி வாடகை ஸ்கீகளைத் தோளில் அணைத்தபடி, மேலிருந்து இறங்கி வந்தார். காலில் இருந்ததும் பழைய பலகைதான். கையில் கம்பு இல்லை. விழுந்து கிடந்தவர்களைச் சுற்றிச் சுற்றி, ஒரே தாளத்தில், தோளிலிருந்த பலகைகள் ஆடாமல் இறங்கி வந்து, அவற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவரை யாரும் படம் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இதையெல்லாம் பையனிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுவில் அவனுக்கு ஒரு கேம் வந்தது, ஆடிவிட்டு வந்தான். அப்புறம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். கேமரா பின்னாலேயே போகும் வீடியோவை ஓடவிட்டு, சறுக்குபவரின் தலை இருக்கும் இடத்தில் விரல் நுனியைத் திரையைத் தொடாமல் வை, தலை நகர்ந்தால் விரலையும் நகர்த்து என்றேன். முதலில் பழகுகிறவர் ஒருவரின் வீடியோவைப் போட்டேன். விரல் இடமும் வலமும் மேலும் கீழும் ஓடியது. பிறகு அந்த ஐம்பது வயதுக்காரர். ஸ்ட்ரைக்கர் அடிக்கும் அவன் ஆள்காட்டி விரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது. சரிவு முடியும்வரை நின்றது.

"இன்னொரு தபா போடுண்ணா" என்றான்.